ஜென்னுக்குள் எஸ்டீம் என்ஜின்

அன்புள்ள ஐயா,

அப்பா 1996இல் வாங்கிய மாருதி ஜென் இன்னும் எங்கள் வீட்டில் ஓடுகிறது. விற்க மனமில்லை. ஆனால் கோத்தகிரி மலைப்பாதையில் இரண்டாம் கியரிலேயே திணறுகிறது. மாருதி எஸ்டீம் காரின் 1.3 லிட்டர் என்ஜினைத் தூக்கி வைத்தால் வண்டி பறக்கும் என்கிறார் எங்கள் மெக்கானிக். 85 குதிரைத்திறன் கொண்ட பழைய எஸ்டீம் ஒன்றும் விலைக்கு வந்திருக்கிறது. செய்யலாமா?

கே., கோவை

அன்புள்ள கே.,

செய்ய வேண்டாம் என்பதே என் பதில். உங்கள் ஆசையைக் குறைத்து மதிப்பிட்டு இதைச் சொல்லவில்லை. மாருதி நிறுவனமே இதைச் செய்திருக்கிறது. 1990இல் வந்த மாருதி 1000 காரில் 970 சிசி என்ஜின். அந்த உடலுக்கு அது போதவில்லை. 1994இல் அதே உடலில் 1298 சிசி என்ஜினை வைத்து எஸ்டீம் என்று விற்றார்கள். வண்டியின் பிறவிக் குறை தீர்ந்தது.

உங்கள் மெக்கானிக் சொல்வதிலும் பொய் இல்லை. ஜென்னின் 993 சிசி என்ஜினும் எஸ்டீமின் என்ஜினும் சுசூகியின் ஜி வரிசையைச் சேர்ந்த பங்காளிகள். ஜென்னில் சிலிண்டரின் விட்டம் 72 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 61 மி.மீ. எஸ்டீமில் அவை 74, 75.5. அந்தக் கூடுதல் கொள்ளளவுதான் ஏற்றத்தில் இழுக்கிறது. ஜென்னுக்குள் இந்த என்ஜினை வைத்து ஓட்டியவர்கள் நம் நாட்டில் பலர் இருக்கிறார்கள்.

ஆனால் நீங்கள் எதை எதோடு ஒப்பிடுகிறீர்கள் என்று பாருங்கள். புதிதாக வந்தபோது உங்கள் ஜென்னுக்கு 50 குதிரைத்திறன் இருந்தது. முக்கால் டன் எடையுள்ள காருக்கு அது தாராளம். தொண்ணூறுகளில் அந்தக் காரை விரும்பி வாங்கியவர்கள் அதன் துடிப்புக்காகவே வாங்கினார்கள். இத்தனை ஆண்டு தேய்ந்த பிஸ்டன் ரிங்குகளும், சரியாக அமராத வால்வுகளும், அழுக்கேறிய கார்புரேட்டரும் அதில் எவ்வளவை மிச்சம் வைத்திருக்கின்றன? ஒரு நல்ல ஜென் அந்த மலையை எப்படி ஏறும் என்பதை நீங்கள் இன்னும் பார்க்கவே இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

என்ஜினை மாற்றுவது எளிய பகுதி. அதைச் சுற்றியிருப்பவைதான் பாடுபடுத்தும். உங்களுடையது கார்புரேட்டர் வண்டி. 85 குதிரைத்திறன் எஸ்டீம் எம்பிஎஃப்ஐ வகை; அதில் கார்புரேட்டருக்குப் பதிலாகக் கணினி அளந்து பெட்ரோலைப் பீய்ச்சுகிறது. ஆகவே பெட்ரோல் டேங்குக்குள் அழுத்தம் கூடிய மின்பம்பு, எரிபொருள் திரும்பி வரும் குழாய், கணினிப் பெட்டி, சென்சார்கள், முழு வயரிங் எல்லாம் அந்த எஸ்டீமிலிருந்து வெட்டப்படாமல் உங்கள் காருக்கு வர வேண்டும். கியர்பாக்ஸ், டிரைவ் ஷாஃப்ட், கிளட்ச், ரேடியேட்டர், சைலன்சர் குழாய் என்று ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்க வேண்டும். வயரிங்கை அவசரத்தில் முறுக்கி டேப் சுற்றிவிட்டால், மழைக்காலத்தில் நடுவழியில் நிற்பீர்கள், மோசமானால் தீப்பிடிக்கும்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை பிரேக். மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 110க்குப் போனால், வண்டியை நிறுத்த பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிறது. இங்கிலாந்தில் 1961இல் மினி காரின் 848 சிசி, 34 குதிரைத்திறன் என்ஜினுக்குப் பதிலாக 997 சிசி, 55 குதிரைத்திறன் என்ஜினோடு மினி கூப்பர் வந்தபோது, முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும் சேர்ந்தே வந்தது. பந்தயக் கார் கட்டிய ஜான் கூப்பரின் கைபட்ட வண்டி அது. உங்கள் மெக்கானிக் என்ஜினைப் பற்றி மட்டும் பேசியிருக்கிறார். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் கொண்டை ஊசி வளைவுகளில் அந்த வண்டியை ஓட்டப்போவது நீங்கள்.

சட்டமும் இருக்கிறது. என்ஜின் எண் உங்கள் ஆர்.சி.யில் பதிவாகியிருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, என்ஜினை மாற்றினால் ஆர்.டி.ஓ. ஒப்புதல் தேவை. தயாரிப்பாளரின் மூல விவரங்களிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. 15 ஆண்டு கடந்த உங்கள் வண்டியை 5 ஆண்டுக்கு ஒருமுறை ஆய்வுக்குக் கொண்டுபோக வேண்டுமே, அங்கே ஆய்வாளர் முதலில் பார்ப்பது சேசிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும்தான். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்க இந்த ஒரு காரணம் போதும்.

வேகம்தான் வேண்டுமென்றால் உங்கள் ஊரிலேயே செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. பந்தயத்துக்கென்றே தனி வண்டி கட்டுங்கள். பாதுகாப்புக் கூண்டும் நல்ல பிரேக்கும் போட்டு, பெரிய என்ஜினை வையுங்கள். மனதார வாழ்த்துவேன். அப்பாவின் காரை அதற்குப் பலி கொடுக்காதீர்கள்.

இப்போது செய்ய வேண்டியது இது. நான்கு சிலிண்டர்களிலும் கம்ப்ரஷனை, அதாவது பிஸ்டன் மேலேறும்போது உள்ளே எழும் அழுத்தத்தை, அளக்கச் சொல்லுங்கள். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஸ்பார்க் பிளக் துளை வழியே கொஞ்சம் என்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது; ஏறாவிட்டால் வால்விலோ, சிலிண்டர் மூடிக்கு அடியிலுள்ள ஹெட் கேஸ்கெட்டிலோ கசிவு. கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள், டைமிங்கைச் சரிபாருங்கள், கிளட்ச் வழுக்குகிறதா என்றும் பாருங்கள். மலையில் திணறும் பல வண்டிகளில் குற்றவாளி கிளட்ச்தான். என்ஜினை இறக்கி வேலை பார்க்க நேர்ந்தாலும், இன்னொரு காரை வாங்கி உரிப்பதைவிடச் செலவு குறைவாகவே ஆகும்.

அந்த நான்கு அளவுகளையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். அதைப் பார்த்துவிட்டு, என்ஜினைப் பிரிக்க வேண்டுமா வேண்டாமா என்று பேசலாம். அதுவரை அந்த எஸ்டீமுக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.