மூன்று வங்கியில் பிரித்துப் போட்ட பணம் பத்திரமா?

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த 12 லட்சத்தை அரசு வங்கி, நகரக் கூட்டுறவு வங்கி, எங்கள் ஊர் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் என்று நாலு நாலு லட்சமாகப் போட்டிருக்கிறேன். வங்கிகள் தங்களுக்குள்ளேயே கடன் கொடுத்து வாங்குமாமே? ஒன்று கவிழ்ந்தால் மற்றவையும் கவிழாதா?

பதில்: கவிழலாம். எது கவிழ்கிறது என்பதைப் பொறுத்தது. உங்கள் தெருவையே எடுத்துக்கொள்வோம். ஒரு வியாபாரி நாற்பது பட்டறைக்குக் கட்டி வெள்ளியைக் கடனாகக் கொடுக்கிறார். ஒரு பட்டறை நொடித்தால் அவருக்குக் கொஞ்சம் நட்டம், அதோடு சரி. அவரே நொடித்தால் நாற்பது பட்டறைக்கும் வேலை இல்லை. அந்தப் பட்டறைக்காரர்களுக்குக் கைமாற்று கொடுத்த மளிகைக்காரருக்கும் அடி விழும். அவர் வெள்ளியைத் தொட்டே இருக்கமாட்டார்.

வங்கி வலைப்பின்னலை ஆராய்கிறவர்களும் இதைத்தான் பார்க்கிறார்கள். யார் யாருக்கு எவ்வளவு தரவேண்டும் என்று கோடு போட்டு, கணக்கில் ஒவ்வொரு வங்கியாகக் கவிழ்த்து, மற்ற வங்கிகளின் மூலதனம் எவ்வளவு கரைகிறது என்று எண்ணுகிறார்கள். ரிசர்வ் வங்கி ஆண்டுக்கு இருமுறை வெளியிடும் நிதி நிலைத்தன்மை அறிக்கையில் இந்தக் கணக்கு வருகிறது.

நிஜத்திலும் நடந்திருக்கிறது. 2001 மார்ச்சில் அகமதாபாத்தின் மாதவ்புரா மெர்க்கன்டைல் கூட்டுறவு வங்கி, பங்குத் தரகர் ஒருவருக்குக் கொடுத்த பெருங்கடனால் படுத்துவிட்டது. குஜராத்தின் பல சிறிய கூட்டுறவு வங்கிகள் அங்கே டெபாசிட் போட்டிருந்தன. அந்தப் பணமெல்லாம் மாட்டிக்கொண்டது. 2019ல் மும்பையின் பிஎம்சி (பஞ்சாப்-மகாராஷ்டிரா கூட்டுறவு) வங்கி முடங்கியபோதும் இதே கதை. இப்போது நகரக் கூட்டுறவு வங்கிகளுக்கு வரம்பு உண்டு: தங்கள் டெபாசிட்டில் 20 சதவீதத்துக்கு மேல் மற்ற வங்கிகளிடம் வைக்கக்கூடாது, ஒரே வங்கியிடம் 5 சதவீதம்தான். பெரிய வங்கிகள் ஒருநாள் கடனைப் பெரும்பாலும் அரசுப் பத்திரங்களை ஈடு வைத்தே வாங்குகின்றன; அதனால் வாங்கியவர் கவிழ்ந்தாலும் கொடுத்தவருக்கு அடி குறைவு.

சரி, உங்கள் பணத்துக்கு வருவோம். பிரித்தது நல்ல காரியம். ஒரு வங்கியில் ஒருவருக்கு, எல்லாக் கிளைகளையும் சேர்த்து, அசலும் வட்டியுமாக 5 லட்சம் வரை டெபாசிட் காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரிக்கு முன் அது 1 லட்சம்தான். வங்கிகள் ஒன்றிடம் ஒன்று வைக்கும் டெபாசிட்டுக்கு இந்தக் காப்பீடு கிடையாது, உங்களுக்கு உண்டு. ஆனால் உங்கள் மூன்றாவது இடம்தான் என்னை உறுத்துகிறது. தொடக்கக் கூட்டுறவுச் சங்கங்களுக்கு இந்தக் காப்பீடு பொருந்தாது. அந்த 4 லட்சத்தைக் காப்பீடு உள்ள வேறொரு வங்கிக்கு மாற்றுங்கள். ஏற்கெனவே கணக்குள்ள வங்கியின் இன்னொரு கிளையில் போட்டால் வரம்பு கூடாது.

அப்புறம் ஒன்று. பணம் எடுக்க முடியாதபடி ஒரு வங்கிக்கு ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தால் காப்பீட்டுப் பணம் 90 நாளுக்குள் வரவேண்டும் என்பது 2021ல் வந்த சட்டத் திருத்தம். பணம் வரும், ஆனால் உடனே வராது. முகூர்த்தம் 90 நாள் காத்திருக்காது. தேதி குறித்ததும் மண்டபம், நகை, சாப்பாட்டுச் செலவுக்கான பணத்தை மட்டும் அரசு வங்கிக் கணக்குக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.