வாசகர் கேள்வி: உறைந்த எலியா, உயிர் எலியா?

கேள்வி: மகன் வளர்க்கும் பால் பைத்தான் (Ball Python என்ற மலைப்பாம்பு வகை), ஃப்ரீசர் எலியைத் தொட மறுக்கிறது. உயிருள்ள எலி கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, ஸ்கார்பரோ, கனடா

பதில்: வேண்டாம் அம்மா. பாம்பு வளர்க்கத் தொடங்கிய புதிதில், உயிர் எலியைக் கூண்டில் விட்டுவிட்டுத் தூங்கப் போனேன். பாம்புக்கு அன்று பசியில்லை. விடிந்து பார்த்தால், சதை தெரிய அதன் முதுகை எலி கடித்து வைத்திருந்தது. புண் ஆற மூன்று மாதம் ஆயிற்று. மூன்று முறை சட்டை உரித்தும் தழும்பு போகவில்லை. அந்த இடத்தில் கை பட்டால் இன்றும் மனசு கேட்பதில்லை.

உங்கள் பாம்பு மறுப்பதற்குப் பெரும்பாலும் எலியில் சூடு போதாததே காரணமாக இருக்கும். பால் பைத்தானின் உதட்டோரக் குழிகள் வெப்பத்தை வைத்துத்தான் இரையை அறியும். முதல்நாள் இரவே எலியை ஃப்ரிட்ஜுக்கு மாற்றி உறைவு நீங்க விடுங்கள். மறுநாள் மாலை, பையோடு வெந்நீரில் போட்டு, தொட்டால் நல்ல வெதுவெதுப்பாக, சுமார் 38 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டுவாருங்கள். மைக்ரோவேவ் கூடவே கூடாது, எலியின் வயிறு வெடித்துவிடும். விளக்கை அணைத்து, நீண்ட இடுக்கியால் மெல்ல ஆட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

தின்னாவிட்டால் ஒரு வாரம் விட்டுவிடுங்கள். வளர்ந்த பால் பைத்தான் மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். எடையை மட்டும் குறித்து வாருங்கள். குறைந்துகொண்டே போனால் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.