இதய நோய் இருந்தவர் என்றால் இழப்பீடு கிடையாதா?

கேள்வி: லாரி ஓட்டுநரான என் கணவர், 2025 மார்ச்சில் ஜவ்வரிசி லோடுடன், கிளீனர் இல்லாமல் தனியாக நாக்பூர் சென்றபோது, வண்டியை ஓரங்கட்டிவிட்டு கேபினிலேயே மாரடைப்பால் இறந்துவிட்டார். வயது 50, முன்பே ஸ்டென்ட் வைத்திருந்தார். "விபத்து இல்லையே, நோயில்தானே போனார்" என்று சொல்லி, உரிமையாளர் 50,000 ரூபாய் கொடுத்து முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். இனி நான் எதுவும் கேட்க முடியாதா?
– வாசகி, சங்ககிரி

பதில்: கேட்கலாம். அவர் இறந்தபோது நடப்பில் இருந்த 1923-ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தில், விபத்து என்பது வண்டி மோதுவது மட்டுமன்று; வேலைப்பளு பழைய நோயை முற்றச்செய்து உயிரைப் பறித்திருந்தாலும் அதில் அடங்கும். டெல்லியிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிச் சென்று, சாலையோரம் நிறுத்தி மயங்கி இறந்த லாரி ஓட்டுநரின் வழக்கில், 2012-இல் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை ஏற்றது. ஆனால் அதற்கு முன்பு, மாரடைப்பால் இறந்த ஒரு கிளீனரின் வழக்கில், வேலையில் இருந்தபோது இறந்தார் என்பது மட்டும் போதாது, வேலையின் அழுத்தமே காரணம் என்பதற்குச் சான்று வேண்டும் என்று அதே நீதிமன்றம் கூறியிருக்கிறது.

எனவே, அவர் எத்தனை மணி நேரம் ஓய்வின்றி ஓட்டினார் என்பதை நீங்கள் காட்டியாக வேண்டும். சுங்கச்சாவடிகளைக் கடந்த நேரம் வண்டியின் பாஸ்டேக் கணக்கில் பதிவாகியிருக்கும். அதனுடன் இ-வே பில், ஜிபிஎஸ் பதிவு, பிரேதப் பரிசோதனை அறிக்கை ஆகியவற்றையும் கேட்டுப் பெறுங்கள். ஸ்டென்ட் வைத்ததை மறைக்க வேண்டாம். லாரியின் காப்பீட்டு நிறுவனம் எப்படியும் அதைத் தோண்டி எடுக்கும், மறைத்தது தெரிந்தால் உங்கள் சாட்சியம் முழுவதும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

கையெழுத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். இறப்புக்கான இழப்பீட்டை, இச்சட்டப்படி நியமிக்கப்பட்ட ஆணையரிடம்தான் உரிமையாளர் செலுத்த வேண்டும். நேரில் கொடுத்தது இழப்பீடாகாது. உரிமையை விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கிய தாளும் செல்லாது. மூன்று மாதச் சம்பளத்துக்கு மிகாத முன்பணத்தை மட்டும் கழிக்கலாம்.

தொகையைப் பொறுத்தவரை, மாதச் சம்பளம் 15,000 ரூபாய்க்கு மேல் இருந்தாலும் 15,000 என்றே கொள்ளப்படும். அதில் பாதியை, சட்டத்தின் அட்டவணையில் 50 வயதுக்குத் தரப்பட்டுள்ள காரணியான 153.09-ஆல் பெருக்கினால் 11,48,175 ரூபாய் வரும். தாமதத்துக்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டியும் உண்டு. அவர் இஎஸ்ஐ-யில் (தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில்) சேர்க்கப்பட்டிருந்தால் இந்த வழி பொருந்தாது, அங்கேதான் சார்ந்தோர் பயன் (இறந்தவரின் குடும்பத்துக்கான உதவித்தொகை) கோர வேண்டும்; சேர்க்கப்படாதிருந்தால், இறந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள், நீங்கள் குடியிருக்கும் பகுதிக்கு இந்த ஆணையராகச் செயல்படும் தொழிலாளர் துணை ஆணையரிடம், உரிமையாளரையும் லாரியின் காப்பீட்டு நிறுவனத்தையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்த்து மனு கொடுங்கள்.