ஜார்ஜியா நாட்டில் ஒரு குடும்பத்தோடு தங்கப் போகிறேன். நான் சைவம், மதுவும் தொடுவதில்லை. அவர்கள் மனம் நோகாமல் விருந்தில் உட்காருவது எப்படி?

தாராளமாக உட்காரலாம். ஆனால் இரண்டு விஷயத்தையும் போய்ச் சேருவதற்கு முன்பே வாட்ஸப்பில் சொல்லிவிடுங்கள். விருந்தாளி வருகிறார் என்றால் அந்த வீட்டு அம்மா முதல் நாளே அடுப்படியில் இறங்கிவிடுவார். மேசை நிறைந்த பிறகு "இதெல்லாம் சாப்பிட மாட்டேன்" என்றால் அத்தனை உழைப்பும் வீண்.

'வெஜிடேரியன்' என்று மட்டும் சொன்னால் போதாது. கோழியும் மீனும் இறைச்சியில் அடங்காது என்று நினைப்பவர்கள் உண்டு. 'ஹோர்ட்ஸி' என்றால் இறைச்சி, 'கத்தாமி' கோழி, 'தெவ்ஸி' மீன். மூன்றையும் பெயர் சொல்லி மறுத்துவிடுங்கள். இன்னும் கைகொடுக்கும் சொல் 'சமர்ஹ்வோ', அதாவது விரதச் சாப்பாடு. அங்கே ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதன், வெள்ளிகளிலும் ஈஸ்டருக்கு முந்தைய நோன்பிலும் இறைச்சி, பால், முட்டை மூன்றையும் விலக்குவார்கள். அதனால் நம் சாப்பாடு அவர்கள் சமையலுக்குப் புதிதல்ல: வால்நட் விழுது தடவிச் சுருட்டிய கத்திரிக்காய், கீரையும் பீட்ரூட்டும் வால்நட்டோடு பிசைந்த ப்காலி, மண்சட்டியில் வெந்த பீன்ஸான லோபியோ, தொட்டுக்கொள்ள ம்ச்சாடி என்ற சோள ரொட்டி. பால் சேர்ப்பவர் என்றால் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியான கச்சாபுரியும் உண்டு.

ஏமாறும் இடங்களும் இருக்கின்றன. பீன்ஸ் ரொட்டியான லோபியானியில் ராச்சா பகுதிக்காரர்கள் பன்றி இறைச்சி சேர்ப்பார்கள். ஸ்வனெதி மலைப்பகுதியின் குப்தாரி பார்க்கக் கச்சாபுரி போலவே இருக்கும். உள்ளே முழுக்க இறைச்சி. படகு வடிவ அஜாருலி கச்சாபுரியின் நடுவில் முட்டை உடைத்து ஊற்றியிருக்கும். கொழுக்கட்டை போன்ற கின்காலியில் காளான், உருளைக்கிழங்கு வகைகள் உண்டு, கேட்டால் செய்து தருவார்கள். அதன் குடுமியைக் கையால் பிடித்துச் சாப்பிட்டுவிட்டு, குடுமியைத் தட்டிலேயே விட்டுவிட வேண்டும்.

தட்டு காலியானால் உடனே நிரப்புவார்கள். ஆரம்பத்தில் எல்லாவற்றிலும் ஒரு வாய் அளவு மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். சுப்ரா என்னும் அந்த விருந்து மணிக்கணக்கில் நீளும், சூடான பதார்த்தங்கள் பிந்தித்தான் வரும்.

இனி மது. நம்மவர்கள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான், ஆனால் சுப்ராவின் உயிர் பேச்சில் இருக்கிறது. தமாதா என்று ஒருவர் விருந்தை நடத்துவார். சமாதானம், நாடு, பெற்றோர், இறந்தவர்கள், குழந்தைகள், விருந்தாளிகள் என்று ஒவ்வொன்றுக்காகவும் எழுந்து பேசுவார். வரிசை வீட்டுக்கு வீடு மாறும். அவர் பேசி முடித்து எல்லோரும் 'கௌமர்ஜோஸ்' என்ற பிறகுதான் குவளை வாய்க்குப் போகும். நடுவில் தனியாக உறிஞ்சுவது மரியாதை அல்ல, உங்கள் கையில் இருப்பது எதுவானாலும் சரி.

உங்கள் குவளையில் பேரிக்காய் லெமனேடோ திராட்சைச் சாறோ இருக்கட்டும். அதைத் தமாதாவிடம் உட்காரும்போதே சொல்லிவிடுங்கள். மருந்து, மதம், வண்டி ஓட்டுவது என்ற காரணங்கள் எளிதில் எடுபடும். மரியாதைக்காக ஒரு குவளை மட்டும் என்று ஆரம்பிக்காதீர்கள். இரண்டாவதை மறுப்பது முதலாவதை மறுப்பதைவிடப் பல மடங்கு கஷ்டம், ஏனென்றால் அதற்குள் அடுத்த வாழ்த்து வந்திருக்கும், அது அவருடைய தாய்க்காகவும் இருக்கலாம். வீட்டில் காய்ச்சிய சாச்சா என்ற சாராயத்தைத் தண்ணீர் என்று எடுத்துவிடாதீர்கள். பார்க்கத் தெளிவாக இருக்கும், ஆல்கஹால் 50 சதவீதத்தைத் தாண்டுவதும் உண்டு.

குடிக்காதவர் ஈடுகட்ட வேண்டியது பேச்சில்தான். தமாதா 'அலாவெர்தி' என்று உங்களைக் கைகாட்டினால், அவர் பேசிய அதே பொருளில் நாலு வரி சொல்லுங்கள். இறந்தவர்களுக்கான வாழ்த்தில் உங்கள் தாத்தா பாட்டியை நினைத்துப் பேசலாம், யாரும் தவறாக எடுக்க மாட்டார்கள். வீட்டுக்காரர்களுக்கு நீங்களாக நன்றி சொல்ல விரும்பினால் முதலில் தமாதாவிடம் அனுமதி கேளுங்கள்.

பூ வாங்கிப் போனால் ஒற்றைப்படையில் வாங்குங்கள். இரட்டைப்படை இழவு வீட்டுக்கு. நண்பர் குடும்பம் என்றால் பணம் நீட்டவே கூடாது. முந்திரி, நல்ல தேயிலை, குழந்தைகளுக்கு இனிப்பு போதும். கட்டண விடுதி வீடு என்றால் இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் சேர்த்துத் தலைக்கு எவ்வளவு என்று முன்பே பேசிவிடுங்கள். உஷ்குலி போன்ற மலைக் கிராமங்களுக்குப் போவதானால் மெஸ்தியா ஊரிலேயே லாரி என்ற அந்நாட்டுப் பண நோட்டுகளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.