பூங்காவுக்குள் நுழைய 40 பவுண்டா?

கேள்வி: மார்ச் முதல் வாரம் லண்டனிலுள்ள மகன் வீட்டுக்குப் போகிறோம். ப்ளூம்ஸ்பரி பகுதியின் பழைய சதுக்கத் தோட்டங்களை (சுற்றிலும் கட்டடங்கள், நடுவே தோட்டம்) பார்க்க வேண்டும் என்பது என் மாமியாரின் ஆசை. ‘நுழைவுக் கட்டணம், வசந்தகாலப் பூக்கள் உத்தரவாதம்’ என்று டிராவல் ஏஜென்ட் தலைக்கு 40 பவுண்ட் போட்டிருக்கிறார். கட்டலாமா? – வாசகி, கோவை

பதில்: கட்டாதீர்கள். ரஸல் சதுக்கம், கார்டன் சதுக்கம், டாவிஸ்டாக் சதுக்கம் மூன்றுக்கும் நுழைவுக் கட்டணமே கிடையாது. காலையில் கதவைத் திறப்பார்கள், இருட்டும் நேரத்தில் பூட்டுவார்கள். இடையில் யாரும் போகலாம், பெஞ்சில் உட்காரலாம். இல்லாத டிக்கெட்டுக்குப் பணம் வாங்கும் இந்த வித்தையை ஆண்டுதோறும் பார்க்கிறேன். ‘வரிசையில் நிற்க வேண்டாம்’ என்றுகூட விற்கிறார்கள்; அங்கே வரிசையே கிடையாது. கேட்டால் ‘சர்வீஸ் சார்ஜ்’ என்பார்கள். எந்தச் சேவைக்கு என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

பூக்களுக்கு உத்தரவாதம் தர லண்டன் வானிலையே தயாராக இல்லை, இவர் எப்படித் தருவார்? விளம்பரப் படத்தில் இருப்பது பெரும்பாலும் மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ பூக்கும் செர்ரி. நீங்கள் போகும் வாரத்தில் புல்வெளியில் குரோக்கஸ் பூ இருக்கும், டாஃபடில் பூ மஞ்சள் காட்டத் தொடங்கியிருக்கும். இந்தச் சதுக்கங்களின் பெரிய பிளேன் மரங்கள் அப்போது மொட்டையாகத்தான் நிற்கும். இலை வர ஏப்ரல் கடைசி ஆகிவிடும். எனக்கு அந்த மொட்டை மரம்தான் பிடிக்கும். பட்டை தகடு தகடாக உரிந்து, அடியில் வெளிர் மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுகள் தெரியும். போன ஆண்டின் காய்கள் உருண்டை உருண்டையாக நீளக் காம்பில் தொங்கிக்கொண்டிருக்கும். இலை வந்துவிட்டால் இவ்வளவு தெளிவாகத் தெரியாது. மாமியாரை அருகில் நிறுத்திக் காட்டுங்கள்.

ஒரு விதிவிலக்கு. எல்லாச் சதுக்கமும் திறந்திருக்காது. அதே பகுதியில் பெட்ஃபோர்ட் சதுக்கம் இருக்கிறது. 1775 முதல் 1783 வரை கட்டிய வீடுகள், நடுவே முட்டை வடிவத் தோட்டம். அது தனியார் தோட்டம், சாவி வைத்திருப்பவர்களுக்கு மட்டும். ‘எனக்கு உள்ளே ஆள் இருக்கிறார், திறந்துவிடச் சொல்கிறேன்’ என்று யாராவது பணம் கேட்டால் நம்பவே நம்பாதீர்கள். சாவிக்கு உரிமையுள்ள நண்பர் உங்கள் மகனுக்கு இருந்து, அவரே அழைத்துப் போனால் சரி. இல்லையென்றால், இப்படிப் பூட்டிய தோட்டங்களில் பலவற்றை ஜூன் மாதத்தில் ஒரு வார இறுதியில் பொதுமக்களுக்குத் திறப்பார்கள். அதற்கு உண்மையாகவே டிக்கெட் உண்டு. மார்ச்சில் அதை யாராவது விற்றால் அவர் ஜூன் மாதத்தைத்தான் விற்கிறார். மார்ச்சில் கம்பிவேலிக்கு வெளியே நின்று பார்க்க வேண்டியதுதான். 1931-ஆம் ஆண்டுச் சட்டம் லண்டனின் 461 சதுக்கங்களைக் காப்பாற்றியது என்று பெருமையாகச் சொல்வார்கள். கட்டடம் கட்டாதே என்றது, சரி. கதவைத் திற என்று சொல்லவில்லையே! ஊருக்கு நடுவே இத்தனை பச்சையை வைத்துக்கொண்டு பூட்டுப் போடும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை.

சரி, எப்படிப் போவது? ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து வரும் பிக்காடில்லி பாதை ரயில் ரஸல் சதுக்கத்தில் நிற்கும். மகன் வீடு எங்கே இருந்தாலும் அந்த நிலையத்தை வைத்து வழி கேளுங்கள். ரஸல் சதுக்கத்தில் சிற்றுண்டிக் கடை இருக்கிறது, வயதானவர்களுக்கு அங்கே தொடங்குவதே வசதி. பக்கத்தில் லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சோயஸ் (SOAS) கல்லூரி வளாகத்தில் நம் திருவள்ளுவர் சிலை நிற்கிறது. அடுத்து கார்டன் சதுக்கத்தில் தாகூரின் மார்பளவுச் சிலை. அதை ஒட்டிய டாவிஸ்டாக் சதுக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கும் காந்தி, 1968-இல் திறந்த சிலை. அதன் பீடத்தில் ஒரு குழிவு இருக்கும், வருகிறவர்கள் அதில் பூ வைத்துவிட்டுப் போவார்கள். ஹிரோஷிமாவில் இறந்தவர்களின் நினைவாக 1967-இல் நட்ட செர்ரி மரமும் அங்கேதான். எல்லாம் கூப்பிடு தூரம், டாக்சி தேவையில்லை. டாக்சி வேண்டும் என்று சொல்பவரும் கமிஷனுக்குத்தான் சொல்கிறார்.

அந்த வாரம் மாலை ஆறு மணிக்குள் சூரியன் மறைந்துவிடும், அதனால் மதியம் இரண்டு மணிக்கு முன்பே உள்ளே இருங்கள். மரப் பெஞ்சுகள் ஈரமாக இருக்கும். உட்கார ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, மாமியாருக்குக் கம்பளிக் காலுறை, இரண்டும் பையில் இருக்கட்டும்.

ஏஜென்டிடம் வாய்ப்பேச்சு வேண்டாம். அந்த 40 பவுண்ட் வரியை நீக்கிய புதிய பில்லை எழுத்தில் வாங்கிக்கொண்டு மீதிப் பணத்தைக் கட்டுங்கள்.