கணினிக்கு னகரம் எங்கே வருகிறது? மொரீஷியஸ் வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர்களின் பட்டியலை இந்த முறை தமிழிலேயே தட்டச்சு செய்தேன். அகர வரிசையில் அடுக்கச் சொன்னால் முருகனுக்கு முன்னால் முனியன் வருகிறார், வள்ளிக்கு முன்னால் வனஜா, தேவிக்கு முன்னால் ஜெயா. ஊர்வாரியாக அடுக்கினால் நம் ஃபீனிக்ஸ் ஊர்தான் எல்லா ஊருக்கும் மேலே போய் நிற்கிறது. என் எழுத்துருவில் கோளாறா?
வாசகி, ரோஸ் ஹில்

பதில்: எழுத்துருவில் ஒரு கோளாறும் இல்லை அம்மா. நீங்கள் அடுக்கச் சொன்னீர்கள், எந்த மொழி முறையில் என்று கணினியிடம் யாரும் சொல்லவில்லை, அதனால் அது தனக்குத் தெரிந்த ஒரே வழியில் அடுக்கிவிட்டது. எல்லா மொழி எழுத்துகளையும் கணினியில் குறிக்கும் யூனிகோட் தரத்தில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் இருக்கிறது. ந 2984, அடுத்து ன 2985, அதற்கடுத்து ப 2986. ரகரத்துக்கு 2992, ஆக ‘முனி’ சின்ன எண், ‘முரு’ பெரிய எண், கதை அங்கேயே முடிந்தது. ளகரம் 2995 என்பதால் வள்ளியும் வனஜாவுக்குப் பின்னால் போய்விட்டார். ஜகரம் 2972, அதாவது சகரத்தை ஒட்டி. ஆய்த எழுத்து 2947, அகரமே 2949தான், அதனால்தான் ஃபீனிக்ஸ் முதலில்.

எண்களை ஏன் இப்படி வைத்தார்கள் என்றால், யூனிகோட் இந்த அமைப்பை 1988இல் வந்த இஸ்கி என்ற இந்தியத் தரத்திலிருந்து எடுத்துக்கொண்டது. இந்திய எழுத்துகள் எல்லாவற்றையும் ஒரே கட்டத்துக்குள் தேவநாகரி வரிசைப்படி உட்கார வைத்த தரம் அது. அந்தக் கட்டத்தில் ற, ழ, ள, ன ஆகியவற்றைத் தமிழ் வரிசைப்படி கடைசியில் வைக்க முடியவில்லை, ஓசையில் நெருங்கிய எழுத்துக்குப் பக்கத்திலேயே செருகிவிட்டார்கள். தொல்காப்பியத்தின் முதல் நூற்பாவே எழுத்துகள் அகரத்தில் தொடங்கி னகரத்தில் முடிகின்றன என்றுதான் சொல்கிறது, நம் பிள்ளைகள் பள்ளியில் படிப்பதும் அதுதான். எண் வரிசையில் அதே னகரம் பகரத்துக்கு முன்னால் நிற்பதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் புள்ளியில் இருக்கிறது, உங்கள் பட்டியலிலும் தேடினால் கிடைக்கும். புள்ளிக்கு 3021, கால், கொம்பு, சுழி எல்லாவற்றையும் விடப் பெரிய எண். தமிழ் அகராதியில் மெய் முதலில், உயிர்மெய் அப்புறம்: கல், கல்வி, கலம், கலை என்று வர வேண்டும். எண்ணை மட்டும் பார்த்தால் கலம், கலை, கல், கல்வி என்று வரும். கொஞ்ச நேரம் பார்த்தால் சரிபோலத் தெரியும், அதுதான் ஆபத்து, நீண்ட பட்டியலில் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

லிப்ரே ஆபீஸ் கால்க் என்ற அட்டவணை மென்பொருள் வைத்திருந்தால் ‘டேட்டா’ மெனுவில் ‘சார்ட்’ (அடுக்கு) போய், ‘ஆப்ஷன்ஸ்’ பகுதியில் மொழியைத் தமிழ் என்று மாற்றிவிட்டு மறுபடி அடுக்குங்கள். முத்து, முருகன், முனியன் என்று வந்துவிடும், ஜெயாவும் வள்ளிக்குக் கீழே, கிரந்த எழுத்துகளுக்கு உரிய இடத்துக்குப் போய்விடுவார்.

கேள்வி: பெயரைத் தேடினால் கிடைத்துவிடுகிறது. வரிசை எப்படி இருந்தால் என்ன?
வாசகர், கூர்பீப்

பதில்: திரையில் தேடுகிறவருக்குச் சரி. அச்சடித்து கோயில் வாசலில் ஒட்டிய தாளில் தேடும் பெரியவருக்கு? தமிழ் வகுப்பில் சொற்பட்டியலை வைத்து அகராதி பார்க்கப் பழகும் பிள்ளைக்கு? தாளில் தேடும் பெட்டி கிடையாது, வரிசை ஒன்றுதான் வழி. வகுப்பில் ஒரு வரிசையும் கையில் கொடுத்த தாளில் வேறு வரிசையும் இருந்தால் அந்தப் பிள்ளை தன் மேல்தான் சந்தேகப்படும். வீட்டில் கிரியோலும் பள்ளியில் பிரெஞ்சும் ஆங்கிலமும் பேசிவிட்டு, வாரத்தில் சில மணி நேரம் தமிழுக்கு வருகிற பிள்ளைகள் நம் பிள்ளைகள். அந்தச் சில மணி நேரத்தில் குழப்பத்தை நாமே கொடுக்கக் கூடாது.

அதோடு, வரிசை ஒரு பொருட்டில்லை என்று மொரீஷியஸில் சொல்ல முடியுமா? 1998இல் வந்த புதிய ரூபாய் நோட்டுகளில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கியபோது எழுந்த எதிர்ப்பில் அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்று, பழைய வரிசையில் மறுபடி அச்சிட்டார்கள். அது மொழிகளின் வரிசை, இது எழுத்துகளின் வரிசை. அங்கே கேட்டோம், இங்கேயும் கேட்கலாம்.

கேள்வி: கோவிந்தன் என்று இரண்டு பேர். ஒரே எழுத்து, ஒரே எழுத்துரு. ஆனால் ஒருவர் கொண்டப்பனுக்கு முன்னாலும் ஒருவர் பின்னாலும் வருகிறார். எப்படி?
வாசகர், குவாத்ர் போர்ன்

பதில்: பார்வைக்கு ஒன்று, உள்ளே இரண்டு. ‘கோ’வை ககரமும் ஓகாரக் குறியும் என்று ஒரே குறியாக எழுதலாம், ககரம், ஏகாரக் கொம்பு, கால் என்று மூன்று துண்டாகவும் எழுதலாம். சில விசைப்பலகைகள் அப்படி, சில இப்படி. ஏகாரக் கொம்பு 3015, ஒகரக் குறி 3018, ஓகாரக் குறி 3019, அதனால்தான் இருவரும் கொண்டப்பனுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்கிறார்கள். இரண்டும் சமம் என்று யூனிகோடே சொல்கிறது, ஆகவே மொழி முறைப்படி அடுக்கினால் சேர்ந்துவிடுவார்கள். சேமிக்கும்போதே என்எஃப்சி என்ற சீரமைப்புக்கு மாற்றிவிடுவது இன்னும் நல்லது, இரண்டும் ஒரே வடிவமாகிவிடும்.

எந்த மென்பொருளும் தீர்க்காத ஒன்று உண்டு. ஔவை என்பதை ஒகரம் போட்டுப் பக்கத்தில் ளகரம் போட்டு ‘ஒளவை’ என்று அடிக்கிறார்கள், சௌந்தரியையும் ‘செளந்தரி’ ஆக்கிவிடுகிறார்கள். அது வேறு எழுத்து, வேறு சொல். கணினி அதை ஒ-ள-வை என்றுதான் படிக்கும். கையால்தான் திருத்த வேண்டும், ஒருவர் உட்கார்ந்து பட்டியலைப் படித்தே தீர வேண்டும்.

கேள்வி: எங்கள் செயலியில் பிரெஞ்சுப் பெயர்களும் தமிழ்ப் பெயர்களும் கலந்து வருகின்றன. நிரல் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில், பின்னால் போஸ்ட்கிரஸ் தரவுத்தளம். எலோடி என்ற பெயர் முதலெழுத்தின் மேல் அக்சான் என்ற சிறு கோடு இருப்பதால் இசட்டுக்கும் பின்னால் போகிறது. ஒவ்வொரு மொழிக்கும் விதியை நானே எழுத வேண்டுமா?
வாசகர், எபேன்

பதில்: எழுதவே எழுதாதீர்கள். எழுதி வைத்திருக்கிறார்கள், கேட்டால் போதும். யூனிகோட் அமைப்பு எல்லா மொழிக்கும் பொதுவாக ஓர் அடுக்கு முறை வைத்திருக்கிறது, அதன் மேல் ஒவ்வொரு மொழிக்கும் வேண்டிய மாற்றங்களை சிஎல்டிஆர் என்ற தரவில் தருகிறது. அந்தப் பொது முறை படிப்படியாக ஒப்பிடும்: முதலில் அடிப்படை எழுத்து, அது ஒன்றாக இருந்தால் அக்சான், அதுவும் ஒன்றாக இருந்தால் பெரிய எழுத்தா சிறிய எழுத்தா என்று. எலோடி தன் இடத்துக்கு வருவது இதனால்தான்.

மொழிக்கு மொழி மாறுவதால்தான் இத்தனை பாடு. மேலே இரண்டு புள்ளி வைத்த ‘ஏ’யை ஜெர்மன்காரர்கள் சாதா ‘ஏ’யோடு சேர்ப்பார்கள், சுவீடன்காரர்கள் இசட்டுக்கும் பின்னால் வைப்பார்கள். ஒரே மொழியிலேயே விதி மாறுவதும் உண்டு, ஸ்பானிஷில் ‘சிஎச்’ஐத் தனி எழுத்தாக அடுக்கும் பழக்கத்தை 1994இல் கைவிட்டார்கள். இதையெல்லாம் நிரலுக்குள் நீங்களே எழுதிக் காப்பாற்ற முடியாது.

ஜாவாஸ்கிரிப்டில் வெறும் ‘சார்ட்’ எண்ணைத்தான் பார்க்கும். ‘இன்டல் கொலேட்டர்’ஐத் தமிழுக்கான ‘டிஏ’ குறியோடு ஒரு முறை உருவாக்கி வைத்துக்கொண்டு, அதன் ஒப்பிடும் செயற்கூறை ‘சார்ட்’டுக்குக் கொடுங்கள். ஒவ்வொரு ஒப்பீட்டுக்கும் புதிதாக உருவாக்கினால் பட்டியல் பெரிதாகும்போது இழுக்கும். ‘டிஏ’ கொடுப்பதால் பிரெஞ்சுப் பெயர்கள் கெடாது, அவை பொது முறைப்படியே போகும். சர்வரில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் மென்பொருளில் 13க்கு முந்தைய பதிப்பு இன்னும் ஓடுகிறதா பாருங்கள், அவற்றில் வழக்கமாக ஆங்கிலத் தரவு மட்டுமே இருக்கும், தமிழ் கேட்டால் தப்பு என்று சொல்லாமல் வேறு முறையில் அடுக்கிவிடும். மேலே சொன்ன கல், கல்வி, கலம், கலை நான்கையும் ஒரு சோதனையாக நிரலில் வைத்துவிடுங்கள்.

போஸ்ட்கிரஸில் 10ஆம் பதிப்பிலிருந்து இந்த யூனிகோட் விதிகளைத் தரும் ஐசியு என்ற நிரல் நூலகத்தின் வழியாகத் தமிழ் அடுக்கு முறை கிடைக்கும், பெயர்கள் இருக்கும் பத்திக்கு அதையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒன்று: தரவுத்தளத்தின் சுட்டி, அதாவது விரைவாகத் தேடுவதற்கான ‘இண்டெக்ஸ்’, அந்த அடுக்கு முறையை நம்பித்தான் கட்டப்படுகிறது. நூலகம் புதுப்பிக்கப்பட்டு விதி மாறினால், பழைய சுட்டி புதிய விதியோடு ஒத்துப்போகாது, இருக்கிற பெயரையே இல்லை என்று சொல்லிவிடும். 2018இல் லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியின் 2.28 பதிப்பு வந்தபோது எத்தனையோ தரவுத்தளங்களில் இதுதான் நடந்தது. ஐசியு பதிப்பு மாறும்போதெல்லாம் சுட்டியை மறுபடி கட்ட வேண்டும், இதைப் புதுப்பிக்கும் வேலைப் பட்டியலிலேயே எழுதி வைத்துவிடுங்கள்.

கேள்வி: க்ஷ எங்கே வரும்?
வாசகி, மாயேபூர்

பதில்: யூனிகோடின் தமிழ் அடுக்கில் அதை ஓர் எழுத்தாகக் கொண்டு ஹகரத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள், பள்ளி அட்டையிலும் கிரந்த வரிசையின் கடைசியில்தான் இருக்கும். ஆனால் பட்டியலில் சிலர் லக்ஷ்மி, சிலர் லட்சுமி என்று எழுதியிருந்தால் இருவரும் வேறு வேறு இடத்தில்தான் நிற்பார்கள். அவரவர் பெயரை அவரவர் எழுதுகிறபடியே விட்டுவிடுங்கள்.