கைப்பிடி யார் உயரத்துக்கு?

கேள்வி: முதியவர்களுக்கு வீட்டையும் தெருவையும் பாதுகாப்பாக்கும் சமூகத் திட்டங்கள் நிஜமாகவே பயன்படுகின்றனவா? எங்கள் குடியிருப்புச் சங்கத்தில் இதைப் பற்றிப் பேசப் போகிறோம். அனுபவம் உள்ளவர்கள் சொல்லவும்.

பயன்படுகின்றன. ஆனால் எங்கள் வீட்டில் முதல் கைப்பிடி வீணாய்ப் போனதற்கு நான்தான் காரணம், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நாங்கள் சிங்கப்பூர். அம்மா பிடோக்கில் ஒரு பழைய மூவறை வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் இருக்கிறார். கழிவறை வாசலில் ஒரு சின்னப் படி, உள்ளே சோப்பு நுரை பட்டால் சறுக்கிவிடும் ஓடு. இந்த மாதிரி வீடுகளுக்காகவே வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 2012-ல் 'ஈஸ்' என்று ஒரு திட்டம் தொடங்கியது. வீட்டில் 65 வயதான சிங்கப்பூர்க் குடிமகன் ஒருவர் இருந்தால் கழிவறையில் கைப்பிடிகள் பொருத்துவார்கள், தரை ஓடு வழுக்காதிருக்க மருந்து தடவுவார்கள், படி தடுக்கும் இடத்தில் சாய்தளம் வைப்பார்கள். மூவறை வீடு என்றால் செலவில் 95 விழுக்காட்டை அரசே ஏற்கும். பெரிய வீடாக இருந்தால் சலுகை கொஞ்சம் குறையும், அப்போதும் 87.5 விழுக்காடு கிடைக்கும்.

காசு பிரச்சினையே இல்லை. அம்மாதான் பிரச்சினை. "நான் என்ன நோயாளியா? வர்றவங்க போறவங்க கழிவறையைப் பார்த்து என்ன நினைப்பாங்க?" என்று மூன்று வருடம் தள்ளிப்போட்டார். நான் சொல்லி, தங்கை சொல்லி, மருந்தகத்தில் தாதி சொல்லியும் நடக்கவில்லை. கடைசியில் முன்னோடித் தலைமுறைக்கு, அதாவது நாட்டின் மூத்த தலைமுறைக்கு, அரசு தரும் சலுகைகளை விளக்க வீடு வீடாக வரும் தொண்டூழியர் ஒருவர் வந்தார். அவரும் அறுபதைத் தாண்டிய தமிழ் அம்மாதான். சலுகை பற்றிப் பேசியது கொஞ்ச நேரம், தன் முட்டிவலியைப் பற்றிப் பேசியதுதான் அதிகம். "அக்கா, எங்க வீட்டுலயும் போட்டுருக்கேன், துண்டு காயப்போடவும் வசதி" என்றார். அவ்வளவுதான், அடுத்த வாரமே அம்மா சம்மதித்துவிட்டார். பிள்ளைகள் சொன்னால் அது அதட்டல், தன் வயதுக்காரி சொன்னால் யோசனை!

வேலையாட்கள் வந்த அன்று அம்மா சந்தைக்குப் போயிருந்தார். "எந்த உயரத்தில் வைக்கலாம்?" என்று கேட்டார்கள். நானும் பெரிய மனிதனாகப் போய் நின்று, என் கை வாகாக எட்டும் இடத்தைக் காட்டினேன். அம்மா என் தோள் உயரம்கூட இல்லை. சந்தையிலிருந்து வந்து உட்கார்ந்து பார்த்தால், பிடிப்பதற்குக் கையைத் தூக்கித் தொங்க வேண்டியிருக்கிறது. அப்புறம் என் கைக்காசில் ஆள் வைத்து வேறொன்றைத் தாழ்வாகப் பொருத்தினோம். உங்கள் சங்கம் எதைச் செய்தாலும் சரி, குறி போடும்போது அந்த வீட்டுப் பெரியவர் அங்கே உட்கார்ந்து எழுந்து காட்ட வேண்டும். 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஆண்டுதோறும் 28 முதல் 35 விழுக்காட்டினர் ஒரு முறையாவது விழுகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த எண்ணிக்கையில் அம்மா சேராமலிருக்க நாலு அங்குலம் முக்கியம்.

இன்னொன்று: அந்தத் தரை மருந்தை நம்பிச் சும்மா இருந்துவிடக் கூடாது. மேலே சோப்புப் படலம் படிந்தால் மறுபடி வழுக்கும், தேய்த்துக் கழுவத்தான் வேண்டும்.

வீட்டுக்கு வெளியே பெரிய மாற்றம் மின்தூக்கி. பழைய புளோக்குகளில் (அடுக்குமாடிக் கட்டடங்களில்) முன்பு அது எல்லா மாடியிலும் நிற்காது, மிச்ச மாடிக்காரர்கள் இறங்கிப் படியேற வேண்டியிருந்தது. எல்லா மாடியிலும் நிற்கும்படி மாற்றும் திட்டம் 2001-ல் வந்தது. ஆனால் புளோக்கில் 75 விழுக்காட்டினர் வாக்களித்துச் சம்மதித்தால்தான் வேலை நடக்கும் என்றிருந்தது, குடிமக்கள் வீட்டுக்கு அதிகபட்சம் 3,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை பங்கும் கட்ட வேண்டியிருந்தது. ஏற்கெனவே தன் மாடியில் மின்தூக்கி நிற்கிறவருக்கு என்ன அவசரம்? எங்கள் புளோக்கில் அப்படி முரண்டு பிடித்த ஒரு சீன அங்கிளிடம் அப்பா காப்பிக்கடையில் உட்கார்ந்து பேசிப் பேசித்தான் சரிக்கட்டினார். உங்கள் சங்கத்திலும் சிக்கல் இங்கேதான் வரும் என்று நினைக்கிறேன். தரைத்தளக்காரர் மின்தூக்கிக்கு ஏன் பணம் தர வேண்டும் என்பார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

தெருவுக்கு வருவோம். 2009 முதல் சில சந்திப்புகளில் முதியவர்கள் தங்கள் சலுகை அட்டையைக் கம்பத்தில் தட்டினால் பச்சை விளக்கு 3 முதல் 13 விநாடி வரை கூடுதலாக எரியும். அம்மாவுக்கு இதில் தனிப் பெருமை, தேவையில்லாத நாளிலும் தட்டுவார். அத்தை இருக்கும் புக்கிட் மேரா வியூ பக்கம் 2014-ல் 'சில்வர் ஸோன்' அமைத்தார்கள். வேகத்தடை போட்டு, தடத்தைக் குறுக்கி, வேக வரம்பைக் குறைத்து, சாலை நடுவே நின்று மூச்சு வாங்க ஒரு திட்டும் கட்டினார்கள். அந்தத் திட்டுதான் எனக்குப் பிடித்தது. ஒரு நேரத்தில் ஒரு திசையில் வரும் வண்டியை மட்டும் பார்த்தால் போதும். அத்தைக்குக் கழுத்து சரியாகத் திரும்பாது.

எந்தத் திட்டத்திலும் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எதிர்வீட்டு மலாய் மாக்சிக் (மலாய் மொழியில் 'அத்தை' மாதிரி ஒரு மரியாதைச் சொல்) காலை ஏழரைக்குள் அம்மாவின் கதவு திறக்காவிட்டால் தட்டுவார். அதற்குக் கைம்மாறாக நோன்புப் பெருநாளுக்கு அம்மா முறுக்கு சுட்டுக் கொடுப்பார். உங்கள் சங்கத்தில் எத்தனை பேர் தனியாக இருக்கிறார்கள், யாருடைய மாற்றுச் சாவி யாரிடம் இருக்கிறது என்று முதல் கூட்டத்திலேயே ஒரு தாளில் எழுதிவிடுங்கள், செலவு ஒன்றுமில்லை.

நான் உயரத்தில் வைத்த அந்தக் கைப்பிடி இன்னும் இருக்கிறது. அதில்தான் துண்டு காய்கிறது.